பந்து இல்லாத பக்கம்

ராயபுரம், சென்னை
1934 ஜூன் 12

அன்புள்ள தங்கை நேசபாய்க்கு அண்ணன் ஆபேல் எழுதுவது.

கர்த்தருடைய தயவில் நானும் உன் மைனியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். இங்கே வெயில் இன்னும் தணிந்தபாடில்லை. அங்கே இடவப்பாதி மழை தொடங்கியிருக்கும். பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஈரத்தில் நிற்காதே.

ஒரு காரியத்துக்கு உன் உதவி வேண்டும். எங்கள் கப்பல் கம்பெனியின் பாஸ்கட்பால் குழுவை நான் பழக்கிவருவது உனக்குத் தெரியும். ஜனவரியில் பம்பாயில் பந்தயம். எதிராளியை மறிக்கும் எங்கள் கார்டுகள் இருவரில் ஒருவரை ரங்கூனுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறோம். வருகிறவருக்குக் கம்பெனியில் நிரந்தரக் குமாஸ்தா வேலை கிடைக்கும்.

கமிட்டிக்கு இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன. இருவரும் உங்கள் நாகர்கோவில் டவுண் கிளப்பில் கார்டுகளாக ஆடுகிறவர்கள். ஒருவர் நம் குழித்துறை ஹெட்மாஸ்டரின் மகன் ஜெபகனி. மற்றவர் கடியப்பட்டணத்து ததேயுஸ், மணல் கம்பெனியில் வேலை பார்க்கிறவராம். எனக்கு லீவு இல்லை. உன் பள்ளிக்கூட மாடி வராந்தாவில் நின்றால் அந்த மைதானம் முழுவதும் தெரியும். நீயும் ஆடிப் பழகியவள். ஆகவே நீயே பார்த்து எழுது. எறிகிற பந்து எவ்வளவு விழுகிறது, கூட ஆடுகிறவர்களுக்குப் பந்து எப்படிக் கொடுக்கிறார், எதிராளியை எப்படி மறிக்கிறார், இந்த மூன்றும் போதும்.

ஜெபகனி வீட்டார் உன்னைக் கேட்டு வந்திருப்பதாக அப்பா எழுதியிருந்தார். நல்ல இடம். ஆனால் அதையும் இதையும் கலந்துவிடாதே. உள்ளதை உள்ளபடி எழுது.

உன் நலத்தை எப்போதும் வேண்டும்,
ஆபேல்


நாகர்கோவில்
1934 ஜூன் 27

அன்புள்ள அண்ணனுக்கும் மைனிக்கும் நேசபாயின் தோத்திரம்.

நான் சுகம். குழித்துறையில் அப்பாவுக்கு முழங்கால் வலிதான். ஆனாலும் துணிக்கடையை யாரிடமும் விடமாட்டேன் என்கிறார். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

சனிக்கிழமை திருவனந்தபுரத்துக்காரர்களோடு ஆட்டம் நடந்தது. இருபத்துமூன்றுக்குப் பத்தொன்பதில் நம்மவர்கள் ஜெயித்தார்கள். ஜெபகனி பதினொரு பாயிண்டு எடுத்தார். நடுக்கோட்டைத் தாண்டியதுமே நின்று, பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, இரண்டு கையாலும் எறிகிறார். அந்தத் தூரத்திலிருந்து எறிய இந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. விழுந்தால் மைதானமே எழுந்து நிற்கிறது. விழாமல் போனதை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. நான் வைத்திருக்கிறேன். விழுந்ததைவிட விழாதது அதிகம்.

ததேயுஸ் எடுத்தது நான்கு பாயிண்டுதான். போன வருஷம் நம்மைத் தோற்கடித்துவிட்டுப் போன நெட்டையான பார்வர்டு உண்டல்லவா, அவரை இந்த முறை ததேயுஸ்தான் மறித்தார். அந்த மனிதர் ஒரே ஒரு கூடை போட்டார். அதுவும் ததேயுஸ் கீழே விழுந்து எழும்பும் நேரத்தில்.

ஒரு ஆட்டத்தை வைத்து இதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அடுத்ததைப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புள்ள தங்கை,
நேசபாய்


ராயபுரம்
1934 ஜூலை 9

அன்புள்ள நேசபாய்க்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இளையவளுக்கு அம்மை போட்டு இப்போதுதான் தலைக்குத் தண்ணீர் விட்டோம். கவலைப்பட ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைக் கமிட்டியில் வாசித்தேன். செயலாளருக்குப் பதினொரு பாயிண்டு என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. கூடையில் விழுவதுதானே கடைசியில் எண்ணப்படுகிறது என்கிறார். அவரைத் தப்புச் சொல்லவும் முடியவில்லை. நம் பக்கத்தில் எறிகிறவர் இல்லாமல்தான் போன வருஷம் தோற்றோம். ஆனால் பத்து எறிந்து எத்தனை விழுகிறது என்று தெரிய வேண்டும். மற்றவர்களுக்குப் பந்து கொடுப்பதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

இன்னொன்றைப் பற்றியும் நீ ஒன்றும் எழுதவில்லை. ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு உன் பதிலைச் சொல்ல அப்பா காத்திருக்கிறார். ஜெபகனிக்கு இந்த வேலை கிடைத்தால் கிறிஸ்துமசுக்கு முன்பே கல்யாணத்தை வைத்துவிடலாம் என்று அவர்கள் நினைக்கிறார்களாம். உனக்கும் நாங்கள் பக்கத்தில் இருப்போம். மைனி இப்போதே வீடு பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

சீக்கிரம் எழுது.
ஆபேல்


நாகர்கோவில்
1934 ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இளையவள் தேறிவிட்டாள் என்று நம்புகிறேன். வேப்பிலைத் தண்ணீரில் இன்னும் இரண்டு முறை குளிப்பாட்டச் சொல்லவும். நான் சுகம்.

வெள்ளிக்கிழமை கொல்லத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆட்டம் பாதியில் இருக்கும்போதே மழை. தரை சேறாகிவிட்டது. பந்து நனைந்து கல்லாகக் கனத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

நீங்கள் கேட்டபடி எண்ணினேன். இதுவரை பார்த்ததில் ஜெபகனி பத்து எறிந்தால் மூன்று விழுகிறது, நல்ல நாளில் நான்கு. ததேயுஸ் ஐந்தே எறிவார், அதில் மூன்று விழும். ஆனால் அவர் கூடைக்கு அருகில் வழி கிடைத்தால்தான் எறிகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜெபகனி எறிகிற தூரத்திலிருந்து அவர் எறிந்து நான் பார்த்ததில்லை. அங்கிருந்து எறியத் துணிவதும் ஒரு திறமைதான்.

பந்து கொடுப்பதில் ததேயுஸ் மேல். யாருக்குக் கொடுக்கப் போகிறாரோ அவருடைய முகத்தைப் பார்ப்பதேயில்லை. ஓடுகிறவர் போய்ச் சேரும் இடத்துக்குப் பந்து முன்னாலேயே போயிருக்கும். ஜெபகனியிடம் போன பந்து பெரும்பாலும் கூடைப் பக்கம்தான் போகும். இடைவேளையில் இருவருக்கும் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. மைதானத்தை ஒட்டிய எங்கள் பள்ளி மதில் ஓரமாக நான் நின்றதால் எனக்கும் கேட்டது. "எனக்குத் தந்தா நான் போடுவேன், நீ ஏன் மக்கா ஊருக்கெல்லாம் பங்கு வைக்கிய?" என்றார் ஜெபகனி. ததேயுஸ் கோபப்படவில்லை. "உன்னைய ரெண்டு பேரு மறிச்சா மூணாவது ஆளு சும்மா நிக்கான்லா, அவனுக்குக் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டுக் காலில் இருந்த சேற்றை வழித்தார். அதன்பிறகு ஜெபகனியே இரண்டு தரம் மூன்றாவது ஆளுக்குக் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறிப்பதில் ததேயுஸுக்கு ஈடு சொல்ல முடியாது. பந்து மறுபக்கத்தில் இருக்கும்போது மற்றவர்கள் இளைப்பாறுகிறார்கள். அவர் இளைப்பாறுவதில்லை. தன் ஆளின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கிறார். இடது கையை விரித்து, வலது கையை முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டிருப்பார். பந்து வரப்போகிறது என்று தெரிந்தால் மட்டும் ஒருமுறை நெற்றியைத் தோளில் துடைத்துக்கொள்வார். கடைசி நிமிஷங்களில் நான்காவது தடவையாகத் தப்பாட்டம் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டு பாயிண்டில் தோற்றோம்.

அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். மைனி வீடு பார்க்க அவசரப்பட வேண்டாம்.

நேசபாய்


ராயபுரம்
1934 ஆகஸ்ட் 14

நேசபாய்க்கு,

யாவரும் சுகம்.

உன் கடிதத்தை மூன்றுமுறை வாசித்தேன். கமிட்டியில் வாசிக்கவில்லை.

பத்து வருஷமாக இந்த ஆட்டத்தைப் பழக்குகிறேன். வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாரும் பந்தைத்தான் பார்ப்பார்கள். கண் அப்படித்தான் போகும். ஜெபகனி பந்தை வைத்து என்ன செய்தார் என்று எழுதியிருக்கிறாய். ததேயுஸ் பந்து இல்லாதபோதும் என்ன செய்தார் என்று எழுதியிருக்கிறாய்.

பந்து அந்தப் பக்கம் இருந்தபோது நீ ஏன் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்?

இதற்கு மட்டும் பதில் எழுது.
ஆபேல்


ராயபுரம்
1934 செப்டம்பர் 20

அன்புள்ள நேசபாய்க்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. இதற்கிடையில் நான் போட்ட தபால் கார்டுக்கும் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் யாரையாவது கொண்டு இரண்டு வரி எழுதச் சொல். மைனி தினமும் கேட்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா எழுதியிருக்கிறார். நீ சம்மதமும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஆகவே சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் பேசிவிட்டாராம். நவம்பரில் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள்.

நீ எழுதிய எதையும் நம்பித் தீர்மானிக்க எனக்கு இப்போது மனம் வரவில்லை. இருவரையும் இங்கே வரவழைத்து ஆடவைத்துப் பார்ப்போம் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். அக்டோபரில் வருகிறார்கள். நான் நியாயமாக நடப்பேன். உன்னிடமும் அதையே எதிர்பார்த்தேன்.

ஆபேல்


நாகர்கோவில்
1934 செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அனைவரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

நான் நியாயமாக எழுதவில்லை என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் அண்ணா. ஜெபகனி மேல் என்று எழுதியிருந்தால் அவருக்கு வேலை கிடைத்திருக்கும், எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். ததேயுஸ் மேல் என்று எழுதினால் அவர் சென்னைக்குப் போய்விடுவார். இங்கே சனிக்கிழமைகளில் நான் யாரைப் பார்க்க வராந்தாவில் நிற்பேன்? எனக்கு வேண்டியபடி எழுதுவது என்றால் இருவரும் லாயக்கில்லை என்றுதான் எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுத ஒரு நாள் உட்கார்ந்தேன். கை வரவில்லை. உள்ளதைத்தான் எழுதினேன்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். இதைவிடத் தெளிவாக எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவரோடு நான் பேசியது மிகக் கொஞ்சம். மதிலைத் தாண்டி வரும் பந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளின் கூடை வளையத்துக்கு வலை இல்லை என்று ஒருநாள் சொன்னேன். மறு வாரம் நூல் வலை ஒன்று முடைந்து கொண்டுவந்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் கத்தோலிக்க சபை, நாம் வேறு சபை என்பது எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் இரண்டு தடவை பேசப் போனேன். முதல் தடவை கடையில் ஆள் இருந்தது. அடுத்த தடவை, "அம்மா இல்லாத பிள்ளைய ஒரு நல்ல இடத்தில ஏப்பிச்சிட்டா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்" என்று அவரே முந்திக்கொண்டார். திரும்பி வந்துவிட்டேன்.

நேசபாய்


ராயபுரம்
1934 அக்டோபர் 22

அன்புள்ள நேசபாய்க்கு,

இங்கே யாவரும் சுகம். துலா மழையில் ராயபுரம் தெருக்கள் மிதக்கின்றன.

இருவரும் வந்து ஆடிப்போனார்கள். முதல் நாள் ஜெபகனியின் நாள். தொட்டதெல்லாம் விழுந்தது. பதினாறு பாயிண்டு எடுத்தார். செயலாளர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, எப்போது வேலையில் சேருகிறீர்கள் என்றே கேட்டுவிட்டார். இரண்டாம் நாள் இருவரையும் எதிரெதிர்ப் பக்கம் போட்டேன். ஜெபகனியை மறிக்க வேண்டியவர் ததேயுஸ். ஜெபகனி எறியாமல் இல்லை, எறிந்துகொண்டே இருந்தார். ஒவ்வொன்றும் ஒரு சாண் தள்ளிப்போய் விழுந்தது. அவர் எடுத்தது மூன்றே பாயிண்டு. ததேயுஸ் கொடுத்த பந்துகளில் எங்கள் பையன்கள், ஒருநாளும் கூடை போடாதவர்கள்கூட, போட்டார்கள்.

கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. கடைசி வோட்டு என்னுடையது. ததேயுஸுக்குப் போட்டேன். நவம்பர் முதல் தேதி வேலையில் சேருகிறார். ஜெபகனி வந்து எனக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறினார். நல்ல மனிதர்.

நீ எழுதியது ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. உன்னைச் சந்தேகித்ததற்கு வருந்துகிறேன்.

ஹெட்மாஸ்டர் வீட்டில் மகனுக்கு வேலை கிடைக்காததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். ஓலை வாசிக்கிற நாள் மாறவில்லை. தூரம் போனால் எல்லாம் ஆறிவிடும் நேசபாய். அப்பாவை நினைத்துப் பார்.

ஆபேல்


நாகர்கோவில்
1934 நவம்பர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். நான் உயிரோடு இருக்கிறேன். ஊரில் வேறு யாராவது எழுதி நீங்கள் அறிவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாவது ஓலை வாசிப்பு. சனிக்கிழமையே பஸ்ஸில் குழித்துறைக்குப் போனேன். அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், எனக்கு இதில் சம்மதம் இல்லை என்று. அப்பா கோபப்படவில்லை. "ஊரறிஞ்சாச்சு மக்கா, இனி என்னத்துக்கு?" என்று மட்டும் சொன்னார். நான் அழுதேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆராதனை முடியும் நேரம் போதகர் ஐயர் எங்கள் இரண்டு பெயரையும் வாசித்தார். இவர்களுடைய விவாகத்துக்கு நியாயமான தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். அதை யாரும் காதில் வாங்குவதில்லை. பாட்டுப் புஸ்தகத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்து நின்றேன். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"என்னம்மா?"

"பொண்ணு நான்தான் ஐயரே. எனக்குச் சம்மதம் இல்ல" என்றேன்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. பின்னால் யாரோ ஒரு பெண் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. முன்வரிசையில் அப்பாவின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அவர் திரும்பவே இல்லை. போதகர் ஓலையை மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்துவிட்டு ஆசீர்வாதம் சொன்னார்.

வெளியே ஜெபகனி நின்றார். அவருடைய அம்மா என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "எனக்கிட்ட ஒரு வார்த்த முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா. நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றார். அது நியாயம். அவரிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த ஒன்றுக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அப்பா என்னோடு வீடுவரை நடக்கவில்லை. அன்றே பள்ளி விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

அண்ணா, நீங்கள் ததேயுஸைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்றைத்தான் எழுதினீர்கள். அவர் அந்த இடத்துக்குத் தகுந்தவர். ஆகவே நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், கோயிலில் நான் எழுந்து நின்றது அவருக்காக அல்ல. அவர் இந்த உலகத்தில் பிறக்காமலே இருந்தாலும் எனக்கு அந்தச் சம்மதம் இருந்திருக்காது.

நேசபாய்


ராயபுரம்
1934 டிசம்பர் 10

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத நாணமாக இருந்தது. நீ எழுதியது மெய்தான். தகுதியைப் பார்த்தே வோட்டுப் போட்டேன், ஆனால் போடும்போது ஒரே கல்லில் இரண்டு காரியம், அவர் உன் கண்ணுக்கும் தூரமாகிவிடுவார் என்றும் நினைத்தேன். மைனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

நேற்று பழக்கம் முடிந்து எல்லாரும் போனபிறகு ததேயுஸை நிறுத்தி, கோயிலில் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் அவரோடு தினமும் ஒரே மைதானத்தில் நிற்க எனக்கு முடியவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு கீழே வைத்தார்.

"அவங்க எழும்பி நின்னது எனக்காகவா சார்?"

"இல்லை என்றுதான் எழுதியிருக்கிறாள்" என்றேன்.

"அப்பம் நான் போய்க் கேக்கலாம்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு உடனே பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து மைனியிடம் சொன்னபோது அவள்தான் விளக்கினாள். உனக்கு அவர்மேல் கடன் ஒன்றும் இல்லை, அவருக்கும் உன்மேல் உரிமை ஒன்றும் இல்லை, ஆகவே கேட்கலாம் என்கிறார்.

கிறிஸ்துமசுக்கு அவருக்கு நான்கு நாள் லீவு. எனக்குக் கிடைக்கவில்லை. முதலில் கடியப்பட்டணத்தில் தன் வீட்டில் சொல்லிவிட்டு, பிறகு அப்பாவைப் பார்க்கப் போகிறார். தனியாகத்தான் வருகிறார். நான் ஒரு சீட்டு எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். அப்பா என்ன செய்வார் என்று நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. நீ வீட்டில் இரு.

ஆபேல்


குழித்துறை
1935 ஜனவரி 7

அன்புள்ள அண்ணனுக்கும் மைனிக்கும் தோத்திரம். புது வருஷத்தில் உங்கள் வீட்டில் ஒரு குறையும் வரக்கூடாது.

விடுதியை அடைத்ததால் நான் வீட்டுக்கு வந்தேன். அப்பா கதவைத் திறந்தார், பேசவில்லை. சமைத்து வைத்தால் சாப்பிட்டார். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் போகவில்லை. ஓலை வாசித்த நாளுக்குப்பின் அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முப்பது வருஷமாக முன்வரிசையில் உட்கார்ந்தவர்.

இருபத்தேழாம் தேதி, நீங்கள் எழுதியபடி, அவர் கடியப்பட்டணத்திலிருந்து வந்தார். கடையில் சந்தைக் கூட்டம். அப்பா அவரை யார், என்ன காரியம் என்று கேட்டுவிட்டு, துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் ஓரமாக நின்றார். கூட்டம் வடிய மத்தியானம் ஆகிவிட்டது. நான் நடுக்கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"எனக்க மவ உன்கிட்ட என்ன சொன்னா?" என்றார் அப்பா.

"ஒண்ணும் சொன்னதில்ல."

"நீ அவகிட்ட?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல்ல. கேக்கத்தான் வந்தேன். ஒங்க வீட்டுக்குள்ள வந்து கேக்கணும், அதுக்கு ஒங்க அனுமதி வேணும்."

உங்கள் கோயில் சாமியார் இதற்குச் சம்மதிப்பாரா என்று அப்பா கேட்டார். சம்மதிக்கமாட்டார், நேற்றே கேட்டுவிட்டேன், இன்னும் கேட்பேன் என்றார் அவர். அவருடைய வீட்டில் அம்மா அழுதார்களாம், அதையும் மறைக்கவில்லை. அப்பா முழக்கோலைப் பெட்டிமேல் வைத்துவிட்டுக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வா. ஒரு ஆளு நிக்கான். சம்மதமா இல்லையான்னு இப்பமே சொல்லீரு. கோயில்ல வச்சுச் சொல்லாண்டாம்."

நான் வெளியே வந்தேன். அவர் கேட்டார். என்ன வார்த்தை என்று எழுதமாட்டேன். சம்மதம் என்றேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் இன்னும் சம்மதம் சொல்லல்ல" என்றார் அப்பா. "பம்பாய்க்குப் போய்ட்டு வா. பெறகு பேசுவோம்." அவருக்குச் சோறு போடச் சொன்னார். அப்பா அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆனால் மீன் துண்டு சின்னதாகப் போய்விட்டது என்று என்னைக் கடிந்துகொண்டார்.

அதன்பிறகும் ஒரு வாரம் பேச்சில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை நான் அடுப்பங்கரையில் இருக்கும்போது அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கெளம்பு. முதல் மணி அடிச்சாச்சு" என்றார்.

என்னால் முடியாது அப்பா, எல்லாரும் பார்ப்பார்கள் என்றேன். "பாக்கட்டும்" என்றார்.

தெருவில் முழங்கால் வலியோடு மெதுவாக நடந்தார். கோயில் முற்றத்தில் ஹெட்மாஸ்டரும் ஜெபகனியும் நின்றார்கள். அப்பா தாமே போய் ஹெட்மாஸ்டருக்குத் தோத்திரம் சொன்னார். அவர் பதில் சொல்லச் சற்றுத் தாமதித்தார், சொல்லிவிட்டார். ஜெபகனி எனக்குத் தலையசைத்தார்.

வாசலில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் வழி பிரிகிற இடம்வரை அப்பா எனக்கு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. என் கூடவே நடந்தார்.

உங்கள் தங்கை,
நேசபாய்